தலைக்கு ஊற்றிக்கொண்ட அரை மணி நேரம்

அந்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். கீழே மூன்று கையெழுத்துகள். முதலாவது சென்னையிலிருந்து வந்த நிபுணருடையது. இரண்டாவது முதலாளியுடையது. மூன்றாவது என்னுடையது, மூன்றில் அதுதான் பார்க்க அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காகப் பரிசு வாங்கியவள் நான். அந்த அழகை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நொதிகளோடு குப்பை கொட்டியே வயதாகிவிட்டது. எந்த நொதி எவ்வளவு சூடு தாங்கும், அதன் உடம்பில் எந்த இடத்தை மாற்றினால் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று ஆலைகளுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். "இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க மேடம்?" என்று கேட்கிறார்கள். ஆர்வம், உழைப்பு என்று எதையாவது சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். எப்படி வந்தேன் என்றால், ஒரு மனிதருடைய வேலையைப் பறித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வந்தேன். இதை மேடையில் சொல்ல முடியாது. இங்கே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகிற சாலையில் இருந்தது எங்கள் ஆலை. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுத்து, அந்த மாவைச் சர்க்கரைப் பாகாக மாற்றி, மிட்டாய்க் கம்பெனிக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் அனுப்புவோம். நான் இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். பிளஸ் டூ வரைதான் படிப்பு. மாவில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிற வேலைக்குச் சேர்ந்து, மெல்ல மெல்ல லேப் முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தடித்த உயிர்வேதியியல் புத்தகம், அதைவிடத் தடித்த ஓர் அகராதி, இரண்டையும் பஸ்ஸிலேயே படித்தேன். கண்டக்டர் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். "டாக்டரம்மா, நோயாளிங்கள கொஞ்சம் மடியில வெச்சுக்குங்க, சீட்டுல ஆளு உக்காரணும்" என்பார். நோயாளிகள் என்றது என் புத்தகங்களை.

முன்பெல்லாம் அமிலம் ஊற்றித்தான் பாகு எடுப்பார்கள். நான் சேர்ந்த சமயம் முதலாளி நொதிக்கு மாறினார். வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் கேனில் வரும். கலங்கிய நல்லெண்ணெய் மாதிரி இருக்கும். மாவுக் கரைசலைச் சூடேற்றினால் கஞ்சியாக இறுகுமல்லவா, இந்த நொதி அந்தக் கஞ்சியின் நீளமான சங்கிலிகளைத் துண்டு துண்டாகக் கத்தரித்துப் போடும். கஞ்சி இளகித் தண்ணீர் மாதிரி ஓடும். அவ்வளவுதான் சங்கதி. ஆலையில் யாரும் நொதி என்றோ என்சைம் என்றோ சொன்னதில்லை. மருந்து என்பார்கள். "மருந்து ஊத்தியாச்சா?" "மருந்து புடிச்சிருச்சா?"

மருந்து ஊற்றுகிறவர் பாய். டாங்க் ஆபரேட்டர். அவர் வீட்டார் தருமபுரி டவுனில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர்கள். இவர் மட்டும் பாய்லர் வேலை பழகிக்கொண்டு ஆலைக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். தெர்மாமீட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். டாங்குக்குள் சுற்றுகிற கலக்கியின் மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி ஆவி வால்வில் கை வைத்திருப்பார். "கேளும்மா, முக்குது பாரு. இன்னும் கஞ்சிதான்" என்பார். கொஞ்சம் கழித்து, "ம், இப்ப பாட ஆரம்பிச்சிட்டான்" என்பார். நான் போய் ஒரு சொட்டு எடுத்து வெள்ளை ஓட்டில் வைத்து அயோடின் விடுவேன். மாவு மிச்சமிருந்தால் கருநீலமாகும். நொதி வெட்டி முடித்திருந்தால் நீலம் வராது. மோட்டார் பாடுகிறான் என்று பாய் சொன்ன பிறகு என் ஓட்டில் ஒருநாளும் நீலம் வந்ததில்லை.

கால் மணிக்கொரு தரம் டாங்க் சூட்டைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. அதே ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில் இன்னொன்றும் எழுதுவேன்: இவர்கள் பேசுகிற பேச்சு. எனக்கு அது ஒரு பைத்தியம். யாராவது ஒரு வாக்கியத்தை அழகாகச் சொல்லிவிட்டால் தேதி, நேரம் போட்டுக் குறித்துக்கொள்வேன். திப்பி காயப்போடுகிற அக்கா ஒருவர் இருந்தார். திப்பி என்றால் மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை. அந்தப் புளித்த நாற்றத்திலேயே நாளெல்லாம் நிற்பார். "எம்மேல ஈ கூட யோசிச்சுத்தான் உக்காரும்" என்று ஒருநாள் சொன்னார். அதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்தது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி எங்களுக்கே ஒரு வெட்கம் உண்டு. குடித்தால் கனமாக இறங்கும். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. பல்லில் பழுப்புக் கறை ஏறும். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஊர் எங்களுடையது. முதலாளிக்கும் அந்தக் கறை உண்டு. நிறைய நிலம், டிராக்டர், ஆலை எல்லாம் இருந்தும் வெளியூர்க்காரர்கள் முன்னால் மேலுதட்டை இழுத்துப் பிடித்துத்தான் பேசுவார். ஒருதரம் பிஸ்கட் கம்பெனிக்காரர் ஒருவர் ஆலைக்கு வந்து, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினார். "வாட்டர் ரொம்ப மோசம் சார்" என்றார். முதலாளி முகம் செத்துப்போயிற்று.

அடுத்த மாதமே சென்னையிலிருந்து நிபுணர் வந்தார். டை கட்டிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இந்தத் தண்ணியில உலகத்தரமான ப்ராடக்ட் பண்ண முடியாது. மொத்தக் கடினத்தன்மையையும் எடுத்துடணும்" என்றார். முதலாளிக்கு அது அருள்வாக்கு. இரண்டு ஆள் உயரத்தில் நீல வர்ணம் அடித்த ஒரு மெஷின் வந்து இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் போய், சுண்ணாம்புச் சத்தெல்லாம் உள்ளேயே தங்கி, மறுபக்கம் மென்மையான தண்ணீராக வரும். ஐயரை வைத்துப் பூஜை போட்டார்கள். மெஷினுக்கு ரோஜா மாலை. முதலாளி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாய் கைகழுவும் குழாயைத் திறந்து சோப்புப் போட்டார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

"என்னா பாய், கையே தேஞ்சு போயிடும் போல?" என்றேன்.

"சோப்பு போவ மாட்டேங்குதும்மா. வழவழன்னே நிக்குது." கையை முகர்ந்து பார்த்தார். "இந்தத் தண்ணி எதையோ வுட்டுட்டு வந்திருக்குது."

அடடா, என்ன அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் தேதி, நேரம் போட்டு எழுதினேன். காலை ஒன்பது இருபது. எழுதி, ரசித்து, மூடிவைத்தேன். அது ஒரு தகவல் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு மனிதர் உண்மையைச் சொல்கிறார், நான் அதன் ஓசையைப் பாராட்டிக்கொண்டு நிற்கிறேன். நிபுணர் மேல் எனக்கு இருக்கிற கோபம் எல்லோருக்கும் தெரியும். என்மேலேயே இருக்கிற இந்தக் கோபம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் புதுத் தண்ணீரில் முதல் டாங்க். நிபுணர் ஆபீஸ் அறையில் முதலாளியோடு உட்கார்ந்திருந்தார். பாய் மருந்து ஊற்றினார். எண்பத்து நான்கு டிகிரி, எண்பத்தைந்து, எண்பத்தைந்து என்று எழுதிக்கொண்டு வந்தேன். அப்போது திப்பி அக்கா வந்து காதில் சொன்னார்: "கண்ணு, பின்னால குழாயில எல்லாரும் தலைக்கு ஊத்திக்கிறாளுங்க. நொர என்னா நொர வருதுங்கற! ஒரு கை சீயக்காய்க்கே கும்முனு பொங்குது. வா வா, அஞ்சு நிமிசம்."

போனேன். இருபது வயதுப் பெண். பிறந்ததிலிருந்து தலையில் நுரை பார்த்ததில்லை. எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றோம். ஒருத்தி தலையை இன்னொருத்தி தேய்த்துவிட்டாள். "ஏய், உன் தலையில பஞ்சு மிட்டாய்டி" என்று சிரித்தார்கள். முடி பட்டு மாதிரி கையில் வழுக்கியது. அது ஐந்து நிமிடமா? அரை மணி நேரம். ரிஜிஸ்டரில் இரண்டு கட்டங்கள் காலி.

திரும்பி வந்தபோது பாய் வால்வருகே வியர்த்து நின்றார். "முக்குதும்மா. நேரம் ஆகியும் முக்கிக்கிட்டே இருக்குது. அயோடின் வுட்டுப் பாரு." விட்டேன். கருநீலம். இன்னொரு தரம். கருநீலம். முதலில் கொஞ்சம் இளகின கஞ்சி அப்படியே நின்றுவிட்டிருந்தது. சூடு எண்பத்தைந்துதான்.

நிபுணர் ஓடிவந்தார். "ஸ்டீமை நிறுத்து!"

"நிறுத்தக் கூடாதுங்க சார். ஆறுச்சுன்னா கட்டிக்கும். அடியில தொறந்து மொதல்ல வெளிய வுட்டுடலாம்."

"நீ எனக்குச் சொல்றியா? நிறுத்துப்பா!"

நிறுத்தினார். ஒரு மணி நேரத்தில் டாங்க் முழுவதும் கட்டிதட்டிப்போனது. கலக்கியின் தண்டு முறுக்கிக்கொண்டு உடைந்த சத்தம் ரோட்டில் போன மாட்டு வண்டி வரை கேட்டது என்றார்கள். அந்த வாரம் பூராவும் பெண்கள் டாங்குக்குள் இறங்கி மண்வெட்டியால் வெட்டி வெட்டி எடுத்தார்கள். சாம்பல் நிறத்தில், அல்வா மாதிரி, மூக்கைத் துளைக்கிற நாற்றத்தோடு.

தண்டு உடைந்த அன்றைக்கே விசாரணை என்று ஒன்று நடந்தது. ஆபீஸ் அறையில் நிபுணர், முதலாளி, பாய், நான். நிபுணர் ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்து அந்த இரண்டு காலிக் கட்டங்களில் பேனாவை வைத்தார்.

"இந்த அரை மணி நேரம் டெம்பரேச்சர் எவ்ளோ?"

"எண்பத்தஞ்சுதாங்க" என்றார் பாய்.

"பாத்தியா?"

"பாக்கலைங்க. சத்தம் மாறலைங்க. ஆவி கூடியிருந்தா டாங்க் பேச்சு மாறும்."

நிபுணர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்காது. "டாங்க் பேச்சு" என்று முதலாளியைப் பார்த்துச் சொல்லிக் காட்டினார். "சார், இவரு டாங்கோட பேசறாராம்."

"தண்ணி மாறிச்சுங்க" என்றார் பாய். "நேத்து இருந்த தண்ணி இல்ல இது. மருந்துக்குப் புடிக்கலைங்க."

"தண்ணி சுத்தமாயிருக்குப்பா! சுத்தமான தண்ணியில கெட்டுப்போகுமா?" முதலாளி மேசையில் தட்டினார். "இத்தன வருசம் சாக்கடையில நல்லா வந்துச்சு, இப்ப கெட்டுப்போச்சா? ஆவிய அதிகமா வுட்டுட்டு, தண்ணி மேல பழி போடறியா?"

நிபுணர் என் பக்கம் திரும்பினார். என் தலை இன்னும் ஈரம். முதுகில் ஜாக்கெட் நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் கவனித்ததையும் பார்த்தார். குரல் தேனாக வந்தது. "நீங்க எங்க இருந்தீங்கன்னு நான் எழுதப் போறதில்ல மிஸ். 'மேற்பார்வை இல்லாத நேரத்தில் ஆபரேட்டர் அதிகச் சூடு ஏற்றியதால் நொதி அழிந்தது.' அவ்ளோதான். சைன் பண்ணிடுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். என் அழகான கையெழுத்தைப் போட்டேன்.

அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். அறிக்கையின் நகல்கள் மாவட்டத்தில் இருந்த மற்ற ஆலைகளுக்கும் போயின. நல்லெண்ணத்தோடு, எச்சரிக்கையாக, மற்றவர்களும் ஏமாந்துவிடக் கூடாது என்று. பாய்லர்கிட்ட சேர்க்காதீர்கள், சத்தம் கேட்டு வேலை செய்கிற ஆள் என்று. அவர் நேற்றுவரை எவ்வளவு பாகு எடுத்தார் என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இல்லை.

அடுத்த டாங்கை நிபுணரே நின்று ஓட்டினார். மருந்தை இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னார், ஒரு பாதுகாப்புக்கு என்று. ஒருவழியாக இளகியது. "பாத்தீங்களா, ஆபரேட்டர் மாறினதும் சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வண்டி ஏறினார்.

இரண்டு மடங்கு மருந்தில்தான் ஓடியது. அதைக் குறைத்தால் உடனே கருநீலம். எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் காலிக் கேன் ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த பொடி எழுத்துத் துண்டை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். நாலே வரி. கடைசி வரியில் இருந்தது: சூட்டில் இந்த நொதி நிலைத்து நிற்க, தண்ணீரில் கால்சியம் இருக்க வேண்டும்.

கால்சியம். நாங்கள் பாய்லரிலிருந்து உளியால் செதுக்கி எறிகிற வெள்ளைச் செதில். பல்லைப் போலவே அதற்கும் வெட்கப்பட்டு ஒரு மெஷின் வாங்கி, மாலை போட்டு வெளியேற்றியது. அந்தத் துண்டு எத்தனையோ மாதமாக என் கண் முன்னால் இருந்தது. நிபுணர் கையிலும் இருந்தது. எவரும் படிக்கவில்லை. அவர் டை கட்டிக்கொண்டிருந்தார், நான் பேச்சு சேகரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளை வெந்நீரில் வைத்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த மாவு, இன்னொன்றில் மெஷின் தண்ணீரில் கரைத்த மாவு. ஒரே அளவு மருந்து. அரை மணியில் கிணற்றுத் தண்ணீர்க் குவளை அயோடினுக்கு நிறமே காட்டவில்லை. மற்றது கருநீலம். திப்பி அக்கா எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உங்க சுண்ணாம்பு டப்பியக் குடுங்க."

"வெத்தல போடப் போறியா, வேல நேரத்துல?"

"மருந்துக்கு வெத்தல போடணும்."

அக்கா இடுப்பிலிருந்து டப்பியை எடுத்துக் கொடுத்தார். ஒரு நகக்கண் அளவு சுண்ணாம்பு எடுத்து, மூன்றாவது குவளை மெஷின் தண்ணீரில் கரைத்து, அதன் காரம் போகக் கொஞ்சம் அமிலம் விட்டுச் சரிசெய்து, மாவும் மருந்தும் சேர்த்தேன். அரை மணி. ஓட்டில் ஒரு சொட்டு, அயோடின். நிறமில்லை. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாயி சொன்னது நெசந்தானா?" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. அழுகை என்று சொல்வது மரியாதைக்காக. அது ஆத்திரம்.

முதலாளியிடம் மூன்று குவளைகளையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் முட்டாள் இல்லை. முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார்.

"சுண்ணாம்பு போட்டுக்க. டாங்குக்கு எவ்ளோன்னு கணக்குப் பண்ணிக்க. வெளிய பேசாத."

"பாய வரச் சொல்லட்டுங்களா?"

"எதுக்கு?"

"அவரு மேல தப்பில்லைங்களே."

"அவன் மேல தப்பில்லைன்னா யார் மேல பாப்பா தப்பு?" மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "பூச போட்டு, ஊரக் கூட்டி, மால போட்டன். இப்ப அந்த மிஷின்ல எடுத்த சுண்ணாம்ப நானே திரும்பக் கொட்றன்னு சொல்லச் சொல்றியா? அறிக்க போயிடுச்சு. நீதான் கையெழுத்துப் போட்ட. நீ எங்க போயிருந்தன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அதோடு பேச்சு முடிந்தது. அப்படியே ஓடியது ஆலை. மெஷின் ஒரு பக்கம் சுண்ணாம்பை எடுக்கும். பத்தடி தள்ளி ஒரு பெண் மக்கில் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவாள். வருகிறவர்களுக்கு மெஷினைக் காட்டுவார்கள், மக்கை மறைத்துவைப்பார்கள். நிபுணர் அடுத்த தடவை வந்து மக்கைப் பார்த்தார், காரணம் கேட்டார், குறித்துக்கொண்டார். சில மாதம் கழித்து அவர் ஒரு கூட்டத்தில் வாசித்த கட்டுரையின் நகல் ஆலைக்கு வந்தது. நொதிப் பாகில் கால்சியத்தின் பங்கு, அவருடைய கண்டுபிடிப்பு. கடைசியில் ஆலை ஊழியர்களுக்கு நன்றி என்று ஒரு வரி.

நகலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி தருமபுரி போனேன். பாய் வீடு பாத்திரக் கடைத் தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. வாசலிலேயே உலை போட்டு, தம்பியோடு உட்கார்ந்து ஒரு அண்டாவுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"யாரு, லேப்பம்மாவா? வாங்க. இன்னும் எங்கயாவது கையெழுத்து போடணுமா, அதுக்கு வந்தீங்களா?"

"அக்கா..."

"என்னா அக்கா? பக்கத்து வூட்டுல என்னா பேசறாங்க தெரியுமா? ஆலையக் கெடுத்துட்டு வந்தவன்னு. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனா அதே பேச்சு. உங்களுக்குத் தல காஞ்சிருச்சா?"

நான் தலைக்கு ஊற்றிக்கொண்ட சேதி அவர் காது வரை போயிருந்தது. நியாயம்தான்.

"வுடு" என்றார் பாய். "உள்ள வாம்மா. நெருப்புகிட்ட நிக்காத."

சொன்னேன். கேன் மேல் இருந்த துண்டு, மூன்று குவளை, சுண்ணாம்பு, முதலாளி சொன்னது, கட்டுரை, எல்லாம். அவர் பஞ்சில் நவச்சாரப் பொடியை ஒற்றி அண்டாவின் உட்புறம் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "ஆங், அதத்தான் வுட்டுட்டு வந்திருக்குது" என்றார். சுண்ணாம்பைச் சொன்னார். அந்தச் சாந்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"நான் என்னா பண்ணணும் சொல்லுங்க பாய்."

"எழுதிக் குடு" என்றார். "அரூர் பக்கம், தீர்த்தமலை போற வழியில ஒரு ஆலையில டாங்குக்கு ஆள் தேடறாங்க. போனன். உள்ளயே வுடல. அறிக்க அங்கயும் வந்திருக்குது. நீ கையெழுத்துப் போட்டதுல என் வேல போச்சு. போட்ட கையாலயே இன்னொண்ணு போட்டுக் குடு."

அங்கேயே எழுதினேன். நான் ரிஜிஸ்டரில் எழுதிய டிகிரிகள், என் தலை நனைந்த அரை மணி நேரம், மூன்று குவளைகளின் முடிவு. எழுதிக்கொண்டு போகும்போது ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. 'காலை ஒன்பது இருபதுக்கு ஆபரேட்டர் சொன்னது: இந்தத் தண்ணி எதையோ வுட்டுட்டு வந்திருக்குது. இது சரியான கணிப்பு. நான் எழுதி வைத்தேன், மேலே தெரிவிக்கவில்லை.' முந்தைய கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரதி. ஒன்றை மறுநாள் முதலாளி மேசையில் வைத்தேன். மத்தியானத்துக்குள் எனக்கு வேலை இல்லை.

அடுத்த வாரம் பாயும் நானும் அரூர் ஆலைக்குப் போனோம். மானேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் இத எழுதினதா? செஞ்சு காட்டுங்க" என்றார். அவர்கள் கிணற்றுத் தண்ணீரிலும் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் குவளை வைத்துச் செய்து காட்டினேன். பாய் பக்கத்தில் நின்று, எது எப்போது இளகும் என்று அயோடினுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார், குவளையில் குச்சியைச் சுற்றுகிற சத்தத்தை வைத்து. மானேஜருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"பிரமாதம்" என்றார். "திங்கக்கிழமை வந்து சேந்துக்குங்கம்மா. லேப் உங்களுது."

"பாய்?"

"அவரு..." குரலைத் தாழ்த்தினார். "கூட நிக்கற ஆளா வரட்டும். மூட்ட தூக்க, கழுவ. டாங்க்கிட்ட விட முடியாதும்மா. அறிக்கன்னு ஒண்ணு இருக்குது இல்ல? பெரிய ஆளு கையெழுத்து. நாளைக்கு ஏதாச்சும்னா என்னக் கேப்பாங்க."

அவரைக் காப்பாற்ற எழுதிய கடிதத்தால் எனக்கு வேலை கிடைத்தது. பெரிய ஆள் கையெழுத்தை என் கையெழுத்தால் அழிக்க முடியவில்லை. ஆனால் பாயை அழிக்கும்போது மட்டும் என் கையெழுத்து தேவைப்பட்டது! பஸ் ஸ்டாண்டில் பாயிடம், "நான் போகல" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"போ" என்றார். "நீ போகாம இருந்தா எனக்கு என்னா வருது? ரெண்டு பேரும் வூட்ல உக்காந்து மூஞ்சி மூஞ்சி பாத்துக்கறதா?" பிறகு, "மூட்ட தூக்க நான் வரலைன்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டு தருமபுரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

போனேன். என் தொழில் அங்கிருந்துதான் ஆரம்பம்.

அரூரில் இருந்த காலத்தில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சியாளருக்குக் கடிதம் எழுதி, நொதிகளின் வரிசை அச்சான கட்டுரை நகல்கள் வாங்கினேன். நொதி என்பது சின்னச் சின்ன மணிகள் கோத்த மாலை. ஒவ்வொரு மணிக்கும் ஓர் எழுத்து. பக்கம் பக்கமாக எழுத்துகள். கம்ப்யூட்டரை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நோட்டுத் தாள்களை நீளமாக வெட்டி ஒட்டி, ஒரு நொதியின் எழுத்துகளை ஒரு பட்டையில், இன்னொன்றை மற்றொரு பட்டையில் எழுதி, மேசைமேல் ஒன்றை ஒன்றன் பக்கத்தில் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். மாவு அள்ளுகிற பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, "ஏங்க்கா, ஜாதகமா? பத்துப் பொருத்தமும் இருக்குதா? நாடி எப்படி?" என்று கேலி செய்வார்கள். "ரெண்டும் ஒரே கோத்திரம்டி" என்பேன். அந்தப் பட்டைப் பொருத்தம்தான் பிற்காலத்தில் பெரிய பெயரோடு ஒரு படிப்பாக வந்தது. நான் அதற்கு முன்பே சேலம் நோட்டுத்தாளில் பாஸாகியிருந்தேன்.

ஒரு மத்தியானம், பாக்டீரியா நொதி இரண்டு, பூஞ்சை நொதி ஒன்று, மூன்று பட்டைகளையும் வைத்தபோது பெரும்பாலான இடங்களில் எழுத்துகள் மாறியிருந்தன. சில இடங்களில் மட்டும் மூன்றிலும் அதே எழுத்து. அவற்றில் சில, கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிற இடங்கள் என்று ஒரு கட்டுரை சொன்னது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு மறுபடியும் ஆத்திரம் தலைக்கு ஏறியது. எங்கேயோ மண்ணில் கிடக்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும் மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டு, இதை மட்டும் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அதை ஒருவர் குடுவையைத் தூக்கிக் காட்டி அழுக்கு என்கிறார், நாங்கள் ரோஜா மாலை போடுகிறோம், பிறகு ஈயம் பூசுகிற வீட்டுப் பிள்ளையின் தலையில் தூக்கிப் போடுகிறோம்.

சுத்தம் என்ற வார்த்தையை யாராவது ஆலையில் சொன்னால் இன்றைக்கும் நான் உடனே நம்புவதில்லை. எதை எடுத்தீர்கள் என்று கேட்பேன். கேட்கிற விதத்தில் இளைஞர்கள் பயந்துபோகிறார்கள்.

கொஞ்ச காலம் கழித்து தருமபுரி போனபோது பாயின் கடை பெரிதாகியிருந்தது. தகரக் கூரை, உலை இரண்டு. சுவரில் ஒரு காலண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு என் கடிதம் தொங்கியது. நான் நிற்கும்போதே இண்டூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் பிரியாணிச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதை அண்ணாந்து பார்த்தார்.

"என்னாங்க அது, எழுத்து முத்து முத்தா இருக்குது? கவர்மெண்டு சர்டிபிகேட்டா?"

"நான் கஞ்சியக் கெடுக்கலைன்னு சர்டிபிகேட்டு" என்றார் பாய்.

"கஞ்சி கெட்டதுக்கெல்லாமா குடுக்கறாங்க? எழுதினது யாரு?"

பாய் என்னைப் பார்க்கவில்லை. சட்டியைத் திருப்பி அதன் அடியை விரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார். "கெடுத்தான்னு எழுதினவங்கதான்" என்றார். "அடியில விரிசல் இருக்குதுங்கம்மா. மொதல்ல பத்த வெக்கணும். வியாழக்கெழம வாங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்தார். பாய்க்கும் தம்பிக்கும் கொடுத்தார். எனக்கான டம்ளரைக் கையில் தரவில்லை. பக்கத்தில் இருந்த கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்துவிட்டுப் போனார். நானே எடுத்துக் குடித்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர், கனமாக இறங்கியது.